அக்கா படிக்காமல் விட்ட அட்டை

அக்காவின் வாயைத் தாண்டி ஒரு கெட்ட சொல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்ததும் இல்லை. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், பெரும்பாலும் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பதுதான் அவருடைய தொழில். மருத்துவமனை, பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு அலுவலகம், வாடகைத் தகராறு என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். கறுப்புக் கோட்டு, கழுத்தைச் சுற்றி ஊதாச் சால்வை, கைப்பையில் எப்போதும் ஒரு டப்பா இஞ்சி மிட்டாய். தொண்டைக்கு என்பார். எனக்கென்னவோ, தன் வழியே போகிற ஒவ்வொரு சொல்லையும் அந்த மிட்டாயில் ஒருமுறை புரட்டித்தான் மறுபக்கம் கொடுக்கிறார் என்று தோன்றும்.

நான் ஜெர்மன் படித்துத் தேறிய பிறகு ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு அவரோடு துணைக்குப் போனேன். ஒரு பையனின் வகுப்பு ஆசிரியை அவனுடைய அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். அப்பா ரொட்டிக் கடையில் வேலை செய்பவர். முழங்கைவரை மாவு வாசனையோடு வந்து உட்கார்ந்தார். ஆசிரியை மூச்சு விடாமல் பேசினார். பையன் வீட்டுப்பாடம் செய்வதில்லை, பொய் சொல்கிறான், வீட்டில் அவனைக் கவனிக்க ஆள் இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது.

அக்கா அப்பாவின் பக்கம் திரும்பினார். "பெடியன் நல்ல சுறுசுறுப்பாம் அண்ணை. வீட்டுப்பாடத்தில மட்டும் கொஞ்சம் கவனம் வேணுமாம். நீங்களும் பக்கத்தில இருந்தால் இன்னும் நல்லா வருவானாம்."

அந்த அப்பா முட்டாள் இல்லை. ஆசிரியையின் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டார். "இவவுக்குப் படிப்பிக்கத் தெரியேல்லை. அதுக்கு என்ர பிள்ளையில குறை பிடிக்கிறா. விசர் மனிசி எண்டு சொல்லுங்கோ."

அக்கா ஆசிரியையைப் பார்த்துப் புன்னகைத்தார். ஜெர்மனில் சொன்னார்: "உங்கள் அக்கறைக்கு அப்பா நன்றி சொல்கிறார்."

இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

படியிறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் அப்படிச் சொல்லவே இல்லையே அக்கா."

"ரண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு போகினம். உங்களுக்கு என்ன குறை பிள்ளை?"

எனக்கு என்ன குறை என்பதைச் சொல்லியாக வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னைச் சேர்க்க அம்மா கூட்டிக்கொண்டு போன அன்று, தலைமையாசிரியரின் அறைக்குள் எங்களை விடவில்லை. அம்மா முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். பள்ளிக்கூடத்து ஆயா எங்களுக்காக உள்ளே போய்க் கேட்டார். நான் சன்னலுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். "சூளைக்காரப் புள்ளைங்க நாலு நாள் வரும், அஞ்சாவது நாள் ஓடிரும், பேரை எழுதுறதே தண்டம்" என்று தலைமையாசிரியர் சொன்னது எனக்குக் கேட்டது. ஆயா வெளியே வந்து, அம்மாவின் தோளைத் தொட்டு, "இந்த வருஷம் எடம் இல்லையாம் கண்ணு, அடுத்த வருஷம் முதல் ஆளா சேத்துக்கிறேன்னு சொல்றாரு" என்றார். அம்மா கும்பிட்டார். சன்னலைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். காதில் விழுந்ததை அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு அன்று இல்லை. தலைமையாசிரியர் சொன்னது அப்படியே வந்திருந்தால் அம்மா அந்த முற்றத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். அம்மாவை எனக்குத் தெரியும். ஆயாவின் நல்ல மனதால் எனக்கு ஒரு வருடம் போயிற்று.

அதனால்தான், நடுவில் நின்று சொற்களுக்குச் சர்க்கரை பூசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஆஹென் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு வேலை கிடைத்து நான் வுப்பர்டாலுக்கு வந்தபோது, படிப்பெல்லாம் ஆங்கிலத்தில் முடிந்திருந்தது. ஜெர்மனில் வணக்கமும் நன்றியும் தெரியும். அக்கா குடியிருந்த அதே கட்டடத்தில், அவருக்கு மேல் மாடியில் எனக்கு வீடு அமைந்தது. எனக்கு எதிர்க் கதவில் ஒரு ஜெர்மன் அம்மாள். நான் தாளிக்கிற நாளெல்லாம் அவர் படிக்கட்டில் நின்று ஏதோ சொல்வார். அக்கா கீழிருந்து வந்து மொழிபெயர்ப்பார். "கதவை வடிவாச் சாத்திப்போட்டுச் சமைக்கட்டாம். இல்லாட்டி உங்களுக்குக் குளிர் பிடிச்சிடுமாம்." எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். அந்தத் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு, ஒரு தட்டில் வைத்து, மேலே காகிதக் கைக்குட்டை மூடி, அந்த அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்தேன். ஒரு மொழி முதன்முதலாகத் தடையில்லாமல் புரிவது பெரிய சந்தோஷம் என்று எங்கள் வகுப்பில் சொல்வார்கள். எனக்கு அப்படிப் புரிந்த முதல் வாக்கியம் அந்த அம்மாள் படிக்கட்டில் சொன்னதுதான்: "இந்த நாற்றத்தை உங்கள் நாட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கக் கூடாதா?"

அந்தச் சொற்களின் ஓசை எனக்குப் புதிதில்லை. மாதக்கணக்காகக் கேட்ட ஓசை. மாதக்கணக்காக நான் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அந்த இடத்திலேயே பதில் சொன்னேன், ஜெர்மனில், வினைச்சொல்லை அதன் இடத்தில் வைத்து, இலக்கணம் பிசகாமல். "என் சமையல் நாறவில்லை, அம்மா. உங்கள் பேச்சுதான் நாறுகிறது." அந்த அம்மாள் வாயைப் பிளந்தார். அப்போதுதான் அக்கா கடைப்பையோடு படியேறி வந்தார். பையைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கினார். அந்த அம்மாளிடம் ஜெர்மனில் சொன்னார்: "இந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்றால், நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லையாம். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாதாம்."

நான் ஜெர்மனில் சொன்னதை ஜெர்மனிலேயே மொழிபெயர்த்தார். இதைவிட வேடிக்கை, அந்த அம்மாளும் "சரி, சரி, எல்லோருக்கும் இப்படி நாட்கள் வரும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கு அக்காவிடம் நான் பேசவில்லை. மறுநாள் அவரே மேலே வந்தார். கையில் ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்க் குழம்பு. "கோவிக்காதேங்கோ. அவ இந்தப் படியில இருந்து எங்கயும் போகப் போறதில்லை. நீங்களும் போகப் போறதில்லை. தினமும் மூஞ்சியில முழிக்க வேணுமெல்லே."

குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். அவரை வெறுக்கவும் முடியாது. எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். நான் தேர்வில் தேறியதும் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டு, படியேறி வருகிற எல்லோரிடமும், "எங்கட மேல் வீட்டுப் பிள்ளை இப்ப என்னை விட நல்லாக் கதைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

இப்படியிருந்தபோதுதான் அந்தப் படம் வந்தது.

வுப்பர்டாலில் ஒரு பழைய தொழிற்சாலையைக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அதன் நிர்வாகி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்; நானும் கூடப் போனேன். அவரிடம் ஒரு ஊமைப்படம் இருந்தது. சினிமாவுக்குக் குரல் வருவதற்கு முந்தைய காலத்தில், மலாயாக் காட்டுக்குள் ரயில் பாதை போட்டதைப் போய் எடுத்த ஆவணப்படம். எடுத்தவர் ஒரு ஜெர்மன்காரர். பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள தமிழர்களையெல்லாம் அழைத்துப் படத்தைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊமைப்படத்தில் காட்சிகளுக்கு நடுநடுவே எழுத்து அட்டை வரும். என்ன நடக்கிறது என்பதை அந்த அட்டைதான் சொல்லும். அதை அக்கா தமிழில் உரக்கப் படிக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார். "இரண்டு சமூகங்களுக்கு நடுவில் ஒரு பாலம்" என்றார் நிர்வாகி. அந்த மனிதர் அரை மணி நேரத்தில் பலமுறை பாலம் போட்டார்.

அட்டைகள் பழைய ஜெர்மன் எழுத்தில், கொக்கி கொக்கியாக இருந்தன. அக்காவுக்குக் கண் கூசியது. "நீங்கள் தமிழில எழுதித் தாங்கோ, நான் பாத்துப் படிக்கிறன்" என்றார். நிர்வாகி கொடுத்த பிரதியை என் கணினியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டி, அட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதினேன்.

எழுதி முடித்ததை அக்காவின் சமையலறை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, ஒத்திகை போல உரக்கப் படிக்கத் தொடங்கினார். நான் எழுதியிருந்தது: "கூலிகள் மலிவானவர்கள், பணிவானவர்கள். ஒருவன் விழுந்தால் அடுத்த கப்பலில் இன்னொருவன் வருவான்." அக்கா படித்தது: "தொழிலாளர்கள் பணிவோடு உழைத்தார்கள். கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தார்கள்."

"அக்கா, நான் எழுதினது அது இல்ல."

"ஓம், தெரியும்." அடுத்த தாளை எடுத்தார். நான் எழுதியிருந்தது: "குரங்குகளைப் போல மரம் ஏறுகிறார்கள். மூளை வேண்டாத வேலைக்கு இவர்களை விட்டால் ஆளில்லை." அக்கா படித்தது: "மிக லாவகமாக மரம் ஏறுகிறார்கள். இந்த வேலைக்கு இவர்களை விட்டால் ஆளில்லை."

நான் தாள்களைப் பறித்துக்கொண்டேன். "இது என்ன வாடகைத் தகராறா? யாரு மூஞ்சில யாரு நாளைக்கு முழிக்கணும்? எடுத்தவரும் செத்தாச்சு, படத்துல இருக்கிறவங்களும் செத்தாச்சு. எதுக்கு இப்போ இதுக்குச் சர்க்கரை?"

"கேக்கிறதுக்குச் சனம் இருக்கு பிள்ளை. சின்னப் பிள்ளையளும் வரும்."

"வரட்டும். கேக்கட்டும். அவங்களைப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கான்னு தெரிய வேண்டாமா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். இந்த வேலைக்கு வந்த புதிதில், இளவயதில், அகதி விசாரணைகளில் மொழிபெயர்த்திருக்கிறார். அப்போது சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்வாராம். ஒரு நாள் ஒரு பெண், புருஷனைப் பறிகொடுத்தவர், நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். அதிகாரி தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "இதை நான் நம்பவில்லை. இதே கதையை இந்த வாரம் வேறு இரண்டு பேரும் சொன்னார்கள்" என்றாராம்.

"நான் அப்பிடியே தமிழில சொன்னன். அந்த மனிசி அவனைப் பாக்கேல்லை. என்ர வாயைத்தான் பாத்தது. அவனுக்கு அவவின்ர பாஷையில ஒரு சொல்லும் தெரியாது. அவவின்ர காதில விழுந்த குரல் என்ர குரல்தானே. பிறகு கடையில கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்."

கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"இந்தப் படத்துக்கு வாய் இல்லை பிள்ளை. எழுதினவன் எழுதிப்போட்டுப் போயிட்டான். நான் வாய் குடுத்தால்தான் அதுக்குச் சத்தம் வரும். என்ர சனத்தைக் குரங்கெண்டு என்ர வாயால சொல்ல ஏலாது."

எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை. "நீங்க மாத்திப் படிச்சா, நான் எழுந்து நின்னு சரியானதைப் படிப்பேன்" என்றேன்.

அப்படிச் செய்தால் அவருக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அக்கா சொல்வது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் அவருக்குச் சோறு. நாலு பேர் முன்னால் அது உடைந்தால் அடுத்த நாள் யார் கூப்பிடுவார்கள்?

"படியுங்கோ" என்றார் அக்கா. "பிறகு சனம் உங்கட வாயைப் பாக்கும். அப்ப தெரியும்."

ஞாயிறு மத்தியானம் கூடம் நிறைந்தது. ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடுகிற ரயிலில் வந்திறங்கிக் குடும்பம் குடும்பமாக உள்ளே வந்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்வரிசையில். பட்டுச் சேலைகள் ஒரு பக்கம், மடியில் ரோல்ஸும் வடையும் வைத்த டப்பாக்கள் ஒரு பக்கம். நிர்வாகி வரவேற்றார், பாலம் போட்டார், உட்கார்ந்தார். பியானோ தொடங்கியது. அக்கா திரைக்குப் பக்கத்தில், ஒரு சின்ன விளக்கின் கீழ், ஊதாச் சால்வையோடு நின்றார். நான் இரண்டாவது வரிசையில், என்னுடைய பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காடு. வெட்டிச் சாய்த்த மரங்கள். தண்டவாளத்தைத் தோளில் தூக்கி வருகிற இடுப்புத்துணி மனிதர்கள். ஜல்லி கொட்டுகிற பெண்கள். நடுவில் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக, கையில் குடையோடு ஒருவர். அவரைக் கண்டதும் எனக்குப் பின்னால் ஒரு முதியவர் எழும்பாத குறை. "உது எங்கட ஆள். மலாயா ரெயில்வே கிளாக்கர். எங்கட அப்பப்பாவும் அங்கதான் உத்தியோகம்." கூடமெங்கும் ஒரு பெருமிதச் சலசலப்பு. தண்டவாளம் தூக்கி வந்தவர்களைப் பார்த்து "எங்கட ஆள்" என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்திலிருந்து யாராவது மலாயாவுக்குப் போனார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிய வழியில்லை. போனவருக்கும் எழுதத் தெரியாது, இருந்தவருக்கும் படிக்கத் தெரியாது. அந்த இருட்டில் எனக்கு எல்லோர் மேலும் கோபமாக வந்தது.

அக்கா படித்துக்கொண்டே போனார். "தொழிலாளர்கள் பணிவோடு உழைத்தார்கள். கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தார்கள்." தலைகள் ஆடின. அருமையான குரல் அவருக்கு. அதைக் கேட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தால், ஏதோ எல்லோரும் சேர்ந்து தேர் இழுப்பதைப் போல இருந்தது.

குரங்கு அட்டை வந்தது. அக்கா, "மிக லாவகமாக" என்று தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன்.

"அட்டையில அப்படி இல்ல" என்றேன். நான் எழுதியதைப் படித்தேன். ஒரு சொல்லும் விடாமல் படித்தேன்.

பியானோக்காரர் தமிழ் தெரியாததால் வாசித்துக்கொண்டேயிருந்தார். முன்வரிசைப் பிள்ளை ஒன்று திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு எல்லோரும் திரும்பினார்கள்.

பின்னாலிருந்த முதியவர்தான் முதலில் பேசினார். "என்ன கதை இது பிள்ளை? ஆரைக் குரங்கு எண்டுறீர்?"

"நான் சொல்லல ஐயா. படம் சொல்லுது."

"படம் எங்க சொல்லுது? படத்துக்கு வாய் இருக்கே? நீரல்லோ சொல்லுறீர்."

"பெட்டையை இருக்கச் சொல்லுங்கோ, பிள்ளையள் இருக்குதுகள்" என்றது ஒரு பெண்குரல். "இந்தியாக்காரிதானே" என்றது இன்னொன்று. அக்கா சொன்னது சரிதான். திரையில் எழுத்து நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆனாலும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் அந்த வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன் என்று தோன்றியது.

அக்கா என்னைத் திட்டவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. திரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில், தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை சுமக்கிறவர்களின் வரிசை. அதில் ஒருவர் நிற்கிறார். கட்டையை இறக்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்க்கிறார். புருவம் நெரிகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. வாய் பெரிதாகத் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. சத்தமில்லை. பின்னால் வருகிறவர் முட்டித் தள்ள, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நகர்கிறார். உடனே அட்டை.

அந்த அட்டையை நான் நினைவில்கூட வைத்திருக்கவில்லை. ஒரே வரி. எழுதும்போது, இது ஒன்றாவது மரியாதையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அடுத்ததற்குப் போயிருந்தேன். வசை இருக்கிற அட்டைகளில்தான் என் கண்ணெல்லாம் இருந்தது. அந்த அட்டை சொன்னது: "அவன் நமக்கு நன்றி சொல்கிறான்."

அக்கா படிக்கவில்லை.

கையில் தாள் இருந்தது. விளக்கு இருந்தது. மாற்றிப் படிக்க அதில் ஒன்றுமில்லை. அது ஏற்கனவே இனிப்பாகத்தான் இருந்தது. நிர்வாகி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, மேலே படிக்கச் சொல்லிக் கையசைத்தார். அக்கா தாளை மடித்தார்.

"இதில, இவர் நன்றி சொல்லுறார் எண்டு எழுதியிருக்கு" என்றார் கூடத்தைப் பார்த்து. "இவர் நன்றி சொல்லேல்லை."

பியானோ நின்றது. நிர்வாகி எழுந்து வந்து என்ன சிக்கல் என்று ஜெர்மனில் கேட்டார். அக்கா ஜெர்மனில் சொன்னார்: "இந்த அட்டை பொய். அந்த மனிதர் நன்றி சொல்லவில்லை."

நிர்வாகி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "இதில் ஒலியே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏனென்றால் இது என் வேலை" என்றார் அக்கா. "ஒருவர் வாயில் கோபம் வரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து, நன்றி சொல்கிறார் என்று சொல்வேன். அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்படித்தான் இருக்கும்."

நிர்வாகிக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. ரொட்டிக் கடைக்காரர் பையனின் பள்ளிக்கூட அறை என் நினைவுக்கு வந்தது. அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டு போனார்கள். இங்கே ஒரு மனிதர் கத்திவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்க ஒருவரும் இல்லாத காலத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு நன்றியை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வசையாக இருந்திருந்தால்கூட, இன்னது சொன்னான் என்று சண்டை போடலாம். நன்றியோடு யார் சண்டை போடுவது?

"திருப்பிப் போடச் சொல்லும்" என்றார் முதியவர். இப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நிர்வாகி தயங்கினார். கூடம் கிளர்ந்திருந்தது. திருப்பிப் போட்டார்கள்.

இந்த முறை பியானோ இல்லை. மனிதர் நின்றார், பார்த்தார், வாயைத் திறந்தார்.

"'விலகு' எண்டுறார்" என்றார் ஒருவர்.

"இல்லை, தண்ணி கேக்கிறார்."

"தண்ணி கேக்கிற முகமே அது? 'எடுக்காதை' எண்டுறார். படம் எடுக்காதை எண்டுறார்."

"'போடா' சொல்றார்" என்றது முன்வரிசைப் பிள்ளை. ஒருவரும் அதட்டவில்லை. மறுபடி போடச் சொன்னார்கள். மறுபடியும் அவர் நின்று கத்தினார். என்ன கத்தினார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் இந்த முறை கூடத்தில் யாரும் குடைக்காரரைத் தேடவில்லை.

கடைசியில் நிர்வாகி மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார். பேசி முடித்துவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி அக்காவின் பக்கம் கையை நீட்டினார். "என்னவாம் பிள்ளை?" என்று முதியவர் அக்காவைக் கேட்டார்.

அக்கா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். எனக்கு ஜெர்மன் புரிந்திருந்தது.

"இது பழங்காலத்துப் படமாம்" என்றார் அக்கா. "அந்தக் காலத்து மனசோடதான் பாக்க வேணுமாம். நான் உணர்ச்சிவசப்பட்டு நிகழ்ச்சியைக் கொஞ்சம் குழப்பிப்போட்டனாம். எண்டாலும் எனக்கு நன்றியாம். வெளியில தேத்தண்ணி இருக்காம்."

ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. பிறகு முதியவர், "நன்றியாமோ?" என்றார். அவ்வளவுதான், சிரிப்பு வெடித்துவிட்டது. நிர்வாகியும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

தேநீரை எல்லோரும் குடித்தார்கள். வெளியே குளிர். நான் குடிக்கவில்லை.

அக்கா மாறிவிட்டார் என்று எழுதினால் அது நான் பூசுகிற சர்க்கரையாகிவிடும். இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு அம்மாள் மறுபடி படிக்கட்டில் நின்று முணுமுணுத்தார். அக்கா கீழே நின்றபடி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இண்டைக்கு நல்லாச் சமைக்கிறீங்களாம்" என்றார். அந்த அம்மாள் சொன்னது எனக்குப் புரிந்தது என்று அக்காவுக்கும் தெரியும். காட்சிக்கூடம் அவரை அதன்பிறகு கூப்பிடவில்லை. தமிழ்ச் சனம் வழக்கம்போலக் கூப்பிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அடுத்த ஆண்டு அவர் மகளோடு இருக்க நோர்வேக்குப் போய்விட்டார். போகும்போது இஞ்சி மிட்டாய் டப்பாவை என்னிடம் கொடுத்தார். "தொண்டைக்கு. நீங்கள் கூடுதலாக் கத்துறனீங்கள்."

போன மாதம் அதே காட்சிக்கூடத்தில் அதே படத்தைப் போட்டார்கள். புதுப்பித்த பிரதி, புதிய இசை. நான் போனேன். கூடத்தில் நான் ஒருத்திதான் தமிழ். கீறல்களையெல்லாம் துடைத்து எடுத்திருக்கிறார்கள். வேலை அருமை, மறுக்க மாட்டேன். கட்டை சுமக்கிறவரின் முகம் இப்போது தெளிவாக இருக்கிறது. உதடு வெடித்திருப்பது தெரிகிறது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரிகிறது. இத்தனை கவனமாக ஒரு மனிதரின் வாயைத் துலக்கியெடுத்துவிட்டு, அதன்பின் அந்த அட்டையையும் துலக்கி அப்படியே வைத்திருக்கிறார்கள். அவன் நமக்கு நன்றி சொல்கிறான்.

நான் எழுந்து நின்றேன். "அவர் நன்றி சொல்லவில்லை" என்றேன், ஜெர்மனில், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

எல்லோரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.